அக்கா கொண்டுபோன பந்து

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் ஓட்டுவேன், வயல் செய்வேன். எழுதிப் பழக்கமில்லை. அக்கா செத்து ஐந்தாவது கிழமை நடந்ததை இரண்டு பேருக்குச் சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே அவர்கள் கதையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். அதனால் எழுதுகிறேன். இதை வாசிக்கிறவர்கள் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

அக்கா கூடைப்பந்துக்காரி. சண்டைக் காலத்திலேயே தொடங்கிவிட்டாள். எனக்கு அப்போது ஐந்தோ ஆறோ வயது, அவள் என்னைவிட ஏழு வயது மூத்தவள். இடம்பெயர்ந்து ஊர் ஊராகப் போனபோது அம்மா சட்டி பானையைத் தூக்கினா, அவள் பந்தைத் தூக்கினாள். இடம் காணாது என்று அதன் காற்றை இறக்கி, மடித்து, உடுப்புக்குள் வைத்துக்கொண்டாள். கடைசியில் தண்ணீருக்குள்ளால் நடந்து வந்த அன்று அந்தப் பையும் போய்விட்டது.

பிறகு முகாம். வெயிலும் கூடாரமும்தான். அங்கே அக்காவும் இன்னும் நான்கைந்து பெட்டைப் பிள்ளைகளும் பின்னேரங்களில் கூடாரங்களுக்கு நடுவே விளையாடினார்கள். பந்து இல்லாமல். வெறும் கையால் தட்டிக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், பிடிப்பார்கள், பாய்ந்து போடுவார்கள். தண்ணீர் வரிசையில் நின்ற மனுசிகள் முதலில் சிரித்தார்கள். பாவம், அதுகளுக்குப் பயத்தில் தலை பிசகிவிட்டது என்று சொல்லிக் கொண்டார்கள்.

ஒரு கிழமை போயிருக்கும். வரிசையில் வாளியோடு நின்ற ஒரு ஐயா திடீரென்று கையைத் தூக்கினார்.

"அவுட்டடி பிள்ளை. கோட்டுக்கு வெளியால போட்டுது."

அக்கா நின்று, இல்லை ஐயா, உள்ளுக்குத்தான் விழுந்தது என்று வழக்காடினாள். வரிசை முழுக்க அதில் புகுந்தது. உள்ளே என்று கொஞ்சப் பேர், வெளியே என்று கொஞ்சப் பேர். தண்ணீர் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. எல்லோரும் மண்ணில் ஒரே இடத்தைக் காட்டித்தான் சண்டை பிடித்தார்கள். நான் அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே பந்து தெரியாதவன் நான் ஒருவன்தான் என்று நினைத்தேன். அந்தப் பயம் இப்போதும் போகவில்லை.

முகாமால் விட்ட பிறகு குளத்துத் தண்ணீர் பாய்கிற எங்களுடைய காணிக்குத் திரும்பி வந்தோம். துணுக்காய்ப் பக்கம். அக்கா உண்மைப் பந்தோடு மாவட்டத்துக்கு ஆடினாள், மாகாணத்துக்கு ஆடினாள், இரண்டு தரம் கொழும்புக்கும் போனாள். ஆள் உயரமில்லை. வளையத்துக்குள் போடுகிறவள் அவள் இல்லை. கொடுக்கிறவள். பார்க்காமலே கொடுப்பாள். கொழும்பில் ஒரு சிங்களப் பெட்டை, முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்பது உனக்கு எப்படித் தெரிகிறது என்று சைகையில் கேட்டாளாம். அக்கா வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தாள். எப்படித் தெரியும் என்று மட்டும் சொல்லவில்லை.

இருபத்துநாலு வயதில் முழங்கால் போனது. காய்ந்த தடி முறிகிற சத்தம் கேட்டதாம். ஒரு வருசம் குசினிக்குள்ளேயே கதிரையைப் போட்டு இருந்தாள், யாரோடும் கதையில்லை. பிறகு பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு, பிள்ளைகளைப் பழக்க முடியுமா என்று கேட்டார்கள். போனாள். ஓட ஏலாது. திடலுக்குப் பக்கத்தில் ஒரு சீமெந்துக் கட்டு இருக்கிறது, அதிலே விசிலோடு நிற்பாள்.

அந்தத் திடலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வளையத்தைத் தாங்கி நிற்கிற இரும்புக் கம்பம் பழைய கம்பம். சண்டையில் துப்பாக்கிச் சன்னம் போன ஓட்டைகள் அதில் ஆறேழு இருக்கின்றன. காற்றடித்தால் கம்பம் ஊதும். புல்லாங்குழல் மாதிரி இல்லை, போத்தல் வாயில் ஊதினால் வருகிற சத்தம். பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. நான் உழவுக்கு அந்த வழியால் போனால் எஞ்சினைக் கூட்டிக்கொண்டு போவேன், அது கேட்கக்கூடாது என்று.

அக்கா பழக்குகிற முறை ஊருக்கே தெரியும். முதல் கால்மணித்தியாலம் பந்தைத் தொட விடமாட்டாள். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், வெறுங்கை. காத்துப் பந்து என்று பிள்ளைகளே அதற்குப் பேர் வைத்திருந்தார்கள். நடுவிலே விசில் ஊதுவாள். எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.

"பந்து எங்க?"

பத்துக் கைகளும் ஒரே இடத்தைக் காட்ட வேண்டும். ஒருத்தி பிசகினாலும் தொடக்கத்திலிருந்து. இன்னொரு சட்டமும் இருந்தது. தொடங்கின பந்தை வளையத்துக்குள் போட்டு முடித்துவிட்டுத்தான் உண்மைப் பந்தைத் தொடலாம், வீட்டுக்குப் போகலாம். மழை வந்தாலும் பந்தை நடுவானில் விட்டுவிட்டுப் போகக்கூடாது. ஒருநாள் இடி முழங்குகிற நேரம் அப்படி நனைந்துகொண்டு ஓடினார்கள். அன்று பின்னேரம் நான் அவளைக் கேலி செய்தேன். ஊரிலே மற்றவர்கள் ஆகாயத்திலே கோட்டை கட்டுகிறார்கள், நீ காற்றைப் பிடிக்கப் பழக்குகிறாய் என்றேன். அவள் ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டே, உனக்கு முகாமிலேயே பந்து தெரியேல்லை என்றாள். அவளுக்கு அது தெரியும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

கார்த்திகையில் மழை. வயல் வரம்பு உடைந்துவிட்டது. கூலிக்கு ஆள் வரவில்லை. நான்தான் அக்காவைக் கூப்பிட்டேன். அவளுடைய குதிக்காலில் சப்பாத்து வெட்டின காயம் இருந்தது. சேற்றுக்குள் இறங்கி என்னோடு சேர்ந்து மண் வெட்டிப் போட்டாள். ஒரு கிழமைக்குப் பிறகு காய்ச்சல். பனடோல் போட்டுக்கொண்டு இரண்டு நாள் திடலுக்குப் போனாள். மூன்றாம் நாளும் போனாள். எலிக்காய்ச்சல் என்று பிறகு சொன்னார்கள். அதற்குள் சிறுநீரகம் பழுதாகிவிட்டது.

மூன்றாம் நாள் பின்னேரம் பிள்ளைகள் எனக்கு போன் எடுத்தார்கள். அதுவரை காத்துப் பந்து நடந்துகொண்டிருந்திருக்கிறது. ஒருத்தி எறிந்தது வெளியே வர, அக்கா எழும்பி அதைப் பிடித்தாளாம். பிடித்தபடி திரும்பச் சீமெந்துக் கட்டிலே இருந்துவிட்டாள். பிள்ளைகள் ஓடிவந்து அவளைச் சுற்றி நிற்கவில்லை. விசில் ஊதினால் நிற்கிற மாதிரி நின்ற நின்ற இடத்திலேயே நின்றார்கள். விளையாடாமல் வெளியே நின்ற ஒருத்தி மட்டும் வந்து தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஆட்டோவைக் கூட்டிவந்து அவளை ஏற்றினேன். வழி முழுக்க அவள் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் வைத்திருந்தாள், முழங்கைகள் வெளியே தள்ளி, விரல்கள் விரிந்து. கை பிடித்துக்கொண்டது ஆக்கும் என்று நினைத்துத் தேய்த்துவிட்டேன். விட்டவுடன் திரும்ப அப்படியே வைத்தாள்.

அடுத்த நாள் காலை வார்ட்டிலே நான் பக்கத்தில் இருந்தேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நல்ல தெளிவான பார்வை. கைகளை நெஞ்சிலிருந்து என் பக்கம் தள்ளினாள்.

"டேய். பிடி."

நான் தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்தேன். முதுகைக் காட்டித் திரும்பி, அலுமாரியின் மேலே இருந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து, மூடியைத் திறந்துகொண்டு திரும்பினேன். கைகள் துணியிலே விழுந்து கிடந்தன. அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னேரம் அக்கா செத்துவிட்டாள். அதற்குள் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு, அவளுக்கு விருப்பமானதெல்லாம் சமைத்துப் படைத்துவிட்டு, கதவைச் சாத்தி எல்லோரும் வெளியே நின்றோம். நண்டுக்கறி, புட்டு, ஒரு கிரீம் சோடா. கதவைத் திறந்தபோது எல்லாம் வைத்தபடியே இருந்தன. மாமி, வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பாள் என்றா. அம்மா இல்லையென்று தலையாட்டினா. அவள் பள்ளிக்கூடத்தாலே இன்னும் வரேல்லை என்றா. அம்மாவுக்கு அப்போது நினைவு சரியில்லை என்று எல்லோரும் நினைத்தோம்.

முப்பத்தொன்றாம் நாள் கிரியையும் முடிந்தது. ஒருநாள் தேத்தண்ணீர்க் கடையில் கதை கேட்டேன். திடலில் பெட்டையள் சிலை மாதிரி நிற்கினமாம், ஆரும் பக்கத்தில் போகப் பயப்பிடுகினமாம். நான் நம்பவில்லை. அடுத்த நாள் பின்னேரம் நாலு மணிக்கு லாண்ட்மாஸ்டரில் உரப்பையோடு அந்த வழியால் வந்தேன். வெயில் நன்றாக எறித்தது.

பத்துப் பேரும் திடலில் நின்றார்கள். ஒருத்தி ஒரு காலை முன்வைத்தபடி. ஒருத்தி கையை உயர்த்தியபடி. ஒருத்தி குனிந்தபடி. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பத்து முகமும் சீமெந்துக் கட்டின் பக்கம். கட்டிலே ஒருவரும் இல்லை. அக்கா பந்தைப் பிடித்த நேரம் யார் யார் எங்கே நின்றார்களோ, அதே இடம். அன்று போன் வந்து நான் ஓடிவந்தபோது கண்டது இதைத்தான். நான் எஞ்சினை நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்று தெரியவில்லை. நிறுத்தியவுடன் கம்பம் ஊதுவது கேட்டது.

கால்மணித்தியாலம் இருக்கும். பிறகு எல்லோரும் கையைக் கீழே போட்டு, சப்பாத்தைக் கழற்றி, பையைத் தூக்கினார்கள். அணித் தலைவி என்னிடம் வந்தாள். துணிக்கடைக்காரரின் மகள், தலையில் இறுக்கிச் சுற்றின கறுப்புத் துணியோடு விளையாடுகிறவள். உயரமானவள். என்னைவிட ஒரு விரல் உயரம்.

"அண்ணா, அக்கா பந்தை உங்களிட்டத் தந்தவாவோ?"

எந்தப் பந்து என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. 

"அண்டைக்குப் பிடிச்சவா. பிடிச்சபடி கொண்டு போட்டா. விளையாட்டு முடியேல்லை அண்ணா."

எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்கென்ன விசரே, அது காத்து என்று சத்தம் போட்டேன். அவள் கோபிக்கவில்லை. எங்களுக்கும் தெரியும் காத்தென்று என்றாள். விளையாட்டு ஆசிரியர் உண்மைப் பந்தைக் கொண்டுவந்து எறிந்து பார்த்தாராம். ஒருத்திக்கும் கை போகவில்லையாம். பந்து அவர்களுக்கு நடுவாலே உருண்டு போய் வாய்க்காலில் விழுந்ததாம். சனிக்கிழமை மாவட்டப் போட்டி. வெள்ளிக்கிழமைக்குள் பந்தைத் தொடாவிட்டால் அணியின் பேரைப் போட்டியிலிருந்து எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்களாம். பேரை எடுத்தால் அடுத்த வருசம் கூடைப்பந்து இல்லை, திடலை வேறு தேவைக்குக் கொடுத்துவிடுவார்கள். அக்கா அந்தக் காலை இழுத்து இழுத்து ஆறு வருசமாகச் செய்தது அவ்வளவும் போய்விடும்.

"அவா உங்களிட்டத் தந்திருந்தா நீங்கள் தரலாம். ஒருத்தரிட்டையும் தராமப் போனவா எண்டா, எங்களுக்கு என்ன செய்யிறதெண்டு தெரியாது."

நான் ஓம் என்றேன்.

"ஓம், தந்தவா. வீட்டில கிடக்கு. நாளைக்குக் கொண்டுவாறன்."

இது பொய். போத்தலை எடுக்கத் திரும்பின கதையை நான் அம்மாவுக்கும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று கையை வைத்துப் பார்த்தேன். ஆட்டோவில் அவள் வைத்திருந்த மாதிரி. வெட்கமாக இருந்தது. அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நான் காணவில்லை.

"அவள் அப்பிடிப் பிடிக்கிறேல்லை. முழங்கை ரெண்டையும் இன்னும் விரி."

விரித்தேன். அம்மா கிட்ட வந்து என் பெருவிரல்களைக் கொஞ்சம் மேலே நகர்த்திவிட்டா. பிறகு குசினிக்குள் போய்விட்டா.

அடுத்த நாள் வியாழக்கிழமை. மோட்டார்சைக்கிளில் போக ஏலாது, இரண்டு கையும் வேண்டும். இதைச் செய்வதென்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று நடந்தேன். வாய்க்கால் கரையால் ஒரு மைல். வழியில் என்னோடு படித்த ஒருவன் சைக்கிளில் வந்தான். வாயாடி, யாரையும் கேலி பண்ணாமல் விடமாட்டான்.

"என்னத்தையடா காவிக்கொண்டு போறாய்?"

"பந்து."

"ஆற்றை பந்து?"

"அக்கான்ரை."

அவன் சிரிக்கப் போனான். பிறகு என் கையைப் பார்த்தான். சைக்கிளால் இறங்கி, அதைப் புல்லுக்குள் தள்ளி, நான் போக வழி விட்டான். நான் கடந்துபோன பிறகும் அவன் சைக்கிளில் ஏறிய சத்தம் கேட்கவில்லை.

திடலில் பத்துப் பேரும் முதல்நாள் நின்றபடியே நின்றார்கள். நான் கட்டுக்கு முன்னால் போய், கட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலைவியைப் பார்த்துக் கையைத் தள்ளினேன். அக்கா என்னிடம் தள்ளின மாதிரி. தலைவியின் கை எழும்பவில்லை. ஒருத்தியும் அசையவில்லை. திரும்பவும் தள்ளினேன். வியர்த்து வழிந்தது.

"உங்களிட்ட இல்லை அண்ணா," என்றாள். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை. சட்டையில் பொத்தான் இல்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

எனக்குத் தாங்க முடியவில்லை. ஐந்து கிழமையாக அழாதவன். வாயைத் திறந்தபோது அக்காவின் சொல்தான் வந்தது, அக்காவின் அதட்டலிலேயே வந்தது.

"அப்ப பந்து எங்க?"

பத்துக் கைகளும் எழும்பின. ஒருத்தி முந்தவில்லை, ஒருத்தி பிந்தவில்லை. ஒருத்தி மற்றவளைப் பார்க்கவில்லை. பத்து விரலும் என் இடது தோளுக்கு மேலாலே எனக்குப் பின்னால் காட்டின. என் தோளிலிருந்து ஒரு முழம் தள்ளி, சீமெந்துக் கட்டிலே நிற்கிற ஒரு ஆளின் நெஞ்சு உயரத்தில்.

கம்பம் ஊதுவது நின்றிருந்தது. எப்போது நின்றதென்று தெரியவில்லை. காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது, தலைவியின் சட்டைக்கை ஆடியது.

நான் திரும்பவில்லை. திரும்பாமல் நின்றுகொண்டு அந்தப் பத்துப் பேருக்கும் சொன்னேன். அக்கா தந்தவா. பிடி என்று சொன்னவா. நான் தண்ணீர்ப் போத்தலை எடுக்கத் திரும்பிவிட்டேன். முதுகைக் காட்டினேன். இவ்வளவுதான் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை ஒருத்தியும் கையைக் கீழே போடவில்லை.

"இப்ப திரும்புங்கோ அண்ணா," என்றாள் தலைவி. "முதல்ல கையை நீட்டுங்கோ. நீட்டினபடி திரும்புங்கோ."

கையை நீட்டினேன். திரும்பினேன்.

ஒன்றுமில்லை. சீமெந்துக் கட்டு. அதிலே காகம் எச்சமிட்ட அடையாளம். அங்கால் புல்லு, வேலி, வயல். அக்காவைக் காணவில்லை. கண்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் காணவில்லை. அம்மா காட்டித் தந்தபடி முழங்கையை விரித்து, பெருவிரலை உயர்த்தி வைத்துக்கொண்டு நின்றேன். வார்ட்டில் போத்தலை எடுக்க எனக்கு எவ்வளவு நேரம் போனதோ, அதைவிடக் கூட நேரம் நின்றேன். கை நோகத் தொடங்கியது.

அப்போது எனக்குப் பின்னால் சத்தம் கேட்டது. பத்துச் சோடிச் சப்பாத்துகள் ஒரே நேரத்தில் திடலின் சீமெந்துத் தரையில் உராய்கிற சத்தம். அவர்கள் ஓடத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு ஒரு அர்த்தம்தான் இருக்கிறது. நான் பிடித்துவிட்டேன். அவர்களுக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியவில்லை, முகாமில் மாதிரியே.

திரும்பி எறிந்தேன். யாருக்கு என்று பார்க்கவில்லை. தலைவி பிடித்தாள். பிடித்த வேகத்தில் ஒரு அடி பின்னால் போனாள். அங்கிருந்து இடப்பக்கம், இடப்பக்கத்திலிருந்து நடு, நடுவிலிருந்து ஆகச் சின்னவள். அவள் எழும்பிப் போட்டாள். பத்துத் தலையும் வளையத்தைப் பார்த்தன, பிறகு ஒன்றாகக் கீழே பார்த்தன. நானும் பார்த்திருக்க வேண்டும். தலை தானாகத் தாழ்ந்தது.

தலைவி போய்ப் பையிலிருந்து உண்மைப் பந்தை எடுத்து ஒருதரம் நிலத்தில் அடித்தாள். அந்தச் சத்தத்துக்கு வேலியிலிருந்த மைனாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. ஒருத்தி அழத் தொடங்க, மற்றவள் அவளுடைய தலையில் தட்டி, ஓடடி என்றாள்.

சனிக்கிழமை போனார்கள், தோற்றார்கள். நல்லாய்த்தான் தோற்றார்கள். அணியின் பேரை யாரும் எடுக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா முற்றத்தில் நெல்லுக் காயவிட்டுக்கொண்டு இருந்தா. நிமிரவில்லை.

"குடுத்திட்டியோ?"

"ஓம்."

அம்மா நெல்லைக் காலால் கிளறினா. கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி வந்தா.

"அவள் நிண்டவளோ?"

"தெரியாதம்மா," என்றேன். "பந்து வந்தது."

அம்மா தலையை ஆட்டினா. பிறகு கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவிவிட்டு, அக்கா செத்த பிறகு முதல் தரமாக, இரண்டு பேருக்கு மட்டும் அரிசி போட்டா.